கத்திக்கு முன் ஓர் ஊசி
அறுவைப் புண் தொற்று பற்றிய உலக நல நிறுவனத்தின் நூல்: ஒரு விமரிசனம்

குன்றாண்டார்கோவிலுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது குன்றைக் குடைந்து எடுத்த சிவன் கோயிலையும், குதிரைகள் இழுக்கும் தேர்போல அமைந்த அதன் மண்டபத்தையும்தான். எட்டாம் நூற்றாண்டில் உளி போட்ட வெட்டு இன்றும் அப்படியே இருக்கிறது. கல்லில் விழுந்த வெட்டு ஆறவேண்டியதில்லை. மனித உடலில் கத்தி போடும் வெட்டு அப்படியல்ல. அது சில நாட்களில் ஆறியே தீரவேண்டும். ஆறாமல் சீழ் வைத்துவிட்டால் என்ன செய்வது? சீழ் வைக்காமல் தடுப்பது எப்படி? இந்த இரண்டு கேள்விகளையும் நம்மில் பெரும்பாலோர் ஒரே கேள்வியாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். இரண்டுக்கும் ஒரே விடையையும் வைத்திருக்கிறோம்: மாத்திரை.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து பிரசவம் ஆயிற்று. தாயும் சேயும் நலமாக வீடு வந்தார்கள். ஒன்பதாம் நாள் தையல் போட்ட இடம் சிவந்து, வீங்கி, ஓர் ஓரத்தில் நீர் கசிந்தது. மாமியார் மருந்துக்கடைக்குப் போனார். மாத்திரை வந்தது. நான்கு நாள் கழித்து மறுபடியும் போனார். “தம்பி, போன தடவை குடுத்தது கேக்கல. கொஞ்சம் பவரா குடு” என்றார். அதுவும் வந்தது. பத்து நாளில் மூன்று வகை மாத்திரைகள் உள்ளே போயின. சீழ் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போனார்கள். மருத்துவர் இரண்டு தையலைப் பிரித்தார்; தேங்கியிருந்த சீழை வெளியேற்றினார்; உப்பு நீரால் கழுவிக் கட்டுப் போட்டார். நாள்தோறும் கட்டு மாற்றினார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் மாமியாருக்கு ஒரு மனக்குறை: “பெரிய ஆஸ்பத்திரின்னு போனோம். நல்ல மாத்திரையா ஒண்ணுகூட எழுதிக் குடுக்கலையே!”

இந்த மனக்குறையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் உலக நல நிறுவனம் 2016 நவம்பரில் வெளியிட்ட அறுவைப் புண் தொற்றுத் தடுப்பு வழிகாட்டி நூலைப் படித்தேன். உலகின் 20 முன்னணி வல்லுநர்கள் 26 ஆய்வுத் தொகுப்புகளைச் சலித்து உருவாக்கிய நூல் இது. இதில் 29 பரிந்துரைகள் உள்ளன: அறுவைக்கு முன்பு செய்யவேண்டியவை 13, அறுவையின்போதும் பின்பும் செய்யவேண்டியவை 16. நம்மைப் போன்ற நாடுகளில் அறுவை செய்துகொள்வோரில் நூற்றுக்கு 11 பேருக்குப் புண்ணில் தொற்று ஏற்படுகிறது என்று நிறுவனம் கூறுகிறது. ஆகவே இது மருத்துவர்களுக்கு மட்டும் உரிய சங்கதி அன்று. தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவைப் பிரசவங்கள் என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு தெரிவிக்கிறது. அறுவைத் தழும்பில்லாத வீடு எந்த ஊரிலும் அபூர்வம்.

நூலின் நல்ல பகுதி

இந்த நூலின் முதல் சிறப்பு, இது மருந்துகளின் பட்டியலாக இல்லாதது. பரிந்துரைகளில் பெரும்பாலானவை மருந்தைப் பற்றியவையே அல்ல. நோயாளி குளித்துவிட்டு வரவேண்டும். அறுவை நடக்கும் இடத்தில் முடியைச் சவரக்கத்தியால் மழிக்கக் கூடாது. எடுத்தே தீரவேண்டுமென்றால் கத்தரிக்கும் கருவியால் எடுக்க வேண்டும். அறுவை செய்பவர் கையை முறையாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். தோலைச் சாராயம் கலந்த குளோர்ஹெக்சிடின் கரைசலால் துடைக்க வேண்டும். அறுவையின்போது நோயாளியின் உடல் சில்லிட்டுப் போகாமலும், இரத்தத்தில் சர்க்கரை ஏறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் எளிய காரியங்கள்.

சவரக்கத்திக்கு என்ன தடை என்று கேட்கலாம். நம் ஊர்களில் முதல்நாள் இரவே மழமழவென்று மழித்துவிடுவதைச் சுத்தம் என்று எண்ணிவந்தோம். கத்தி தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்குகிறது. அக்கீறல்களில் கிருமிகள் இரவு முழுவதும் குடியேறிப் பெருகுகின்றன. காலையில் அறுவைக்குத் தயாரான தோல் உண்மையில் கிருமிகளின் நாற்றங்காலாக இருக்கிறது!

இரண்டாவது சிறப்பு, ஆன்ட்டிபயாடிக் என்று நாம் வழங்கும் எதிருயிர் மருந்தை எப்போது கொடுக்க வேண்டும் என்பதில் நூல் காட்டும் தெளிவு. தடுப்பு மருந்து தேவைப்படும் அறுவைகளில், கத்தி படுவதற்கு முன் 120 நிமிடங்களுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். மருந்து இரத்தத்தில் எவ்வளவு நேரம் தங்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். செஃபசோலின் போன்று விரைவில் குறைந்துபோகும் மருந்தாயின் கத்தி படும் நேரத்துக்கு இன்னும் நெருக்கமாகக் கொடுப்பதே நல்லது.

நேரத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? இதை முதலில் தெளிவாக்கியவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் பர்க். 1961-இல் வெளியான ஆய்வில் அவர் கினிப்பன்றிகளின் தோலில் கிருமிகளைச் செலுத்தி, வெவ்வேறு நேரங்களில் மருந்து கொடுத்துப் பார்த்தார். கிருமி நுழையும்போதே மருந்து உடலில் இருந்தால் புண் மிகச் சிறிதாக இருந்தது. நேரம் கடக்கக் கடக்க மருந்தின் பலன் குறைந்தது. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது, கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் வேறுபாடே இல்லை.

காரணம் எளிது. வெட்டுப்பட்ட இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அறுபட்டு உறைந்துவிடுகின்றன. கசிந்த இரத்தமும் நாரும் கட்டியாகின்றன. அதற்குள் சிக்கிய கிருமியை, பின்னால் வரும் மருந்து எளிதில் எட்டுவதில்லை. திருடன் வீட்டுக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்ட பிறகு வாசலில் காவல் போட்டு என்ன பயன்?

மனிதர்களிடமும் இது மெய்ப்பட்டது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி மருத்துவமனை ஒன்றில் 2,847 நோயாளிகளைக் கவனித்து 1992-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அறுவைக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 விழுக்காட்டினருக்கே தொற்று. அதற்கும் மிக முன்னதாகப் பெற்றவர்களில் 3.8 விழுக்காடு. அறுவை தொடங்கி மூன்று மணி நேரத்துக்கும் பின்னர் பெற்றவர்களில் 3.3 விழுக்காடு. மருந்து கொடுக்கப்பட்ட நேரம் மாறியது. தொற்று ஐந்தாறு மடங்கு வேறுபட்டது!

ஏழு நாள் பழக்கம்

மூன்றாவதாக நூல் கூறுவதுதான் நம் பழக்கத்தோடு நேருக்கு நேர் மோதுகிறது. தடுப்புக்காகக் கொடுக்கும் எதிருயிர் மருந்தை அறுவை முடிந்த பிறகு தொடரக் கூடாது என்கிறது நூல். இது மென்மையாகச் சொன்ன யோசனை அன்று, அழுத்தமான பரிந்துரை. 2020-இல் இதே கேள்வியை மறுபடி ஆராய்ந்த ஒரு தொகுப்பு, 52 சோதனைகளில் பங்கேற்ற 19,273 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. அறுவைக்குப் பின் மருந்தைத் தொடர்ந்ததால் உறுதியான பலன் கிடைத்தது என்பதற்கு அதிலும் சான்று கிட்டவில்லை.

அப்படியானால் ஐந்து நாள், ஏழு நாள் என்று மாத்திரை எழுதும் வழக்கம் ஏன் இன்னும் இருக்கிறது? மருத்துவர்களைக் குறைகூறி நிறுத்திக்கொள்வது எளிது, நியாயம் ஆகாது. நெரிசலான வார்டு, ஒரு கட்டிலைச் சுற்றி நான்கு உறவினர், தண்ணீர் வராத குழாய் — இவற்றைப் பார்க்கும் மருத்துவருக்கு மனம் துணிவதில்லை. நோயாளியும் மாத்திரை இல்லாத சீட்டைச் சிகிச்சையாகவே மதிப்பதில்லை. ஆனால் கழுவாத கையின் குறையை மாத்திரை தீர்த்துவிடும் என்பதற்கு ஆதாரம் எங்கே? ஆதாரம் இல்லாத ஆறுதலுக்கு நாம் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த விலை என்ன? மாத்திரை வயிற்றில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களுள் எளியவற்றைக் கொன்று, தாக்குப்பிடிப்பவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. தாக்குப்பிடிப்பவை பெருகுகின்றன; பக்கத்துக் கட்டிலுக்கும் போகின்றன. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் பிற நாட்டவரும் என்.டி.எம்.-1 என்ற நொதியைத் தாங்கிய கிருமி மாதிரிகளைக் கணக்கெடுத்தனர். மிக வலிய மருந்துகளான கார்பபெனம்களையும் செயலிழக்கச் செய்யும் நொதி அது. சென்னையிலிருந்து மட்டும் 44 மாதிரிகள் கிடைத்தன. 2012-இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் பல கூடி உருவாக்கிய ‘சென்னைப் பிரகடனம்’ மருந்துக் கட்டுப்பாட்டை வற்புறுத்தியது. 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணை விதி, குறிப்பிட்ட மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. விதி வந்துவிட்டது. “கொஞ்சம் பவரா குடு” என்ற குரல் இன்னும் போகவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வெடித்த குடல்வால், அழுக்கேறிய விபத்துக் காயம் போன்றவற்றில் தொற்று முன்பே தொடங்கிவிட்டிருக்கும். அங்கே சில நாட்கள் தரப்படும் மருந்து தடுப்பு அன்று, சிகிச்சை. ஆகவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு மருத்துவர் எழுதிய மருந்தை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. “ஐயா, இது தடுப்புக்கா, சிகிச்சைக்கா? எத்தனை நாள்?” என்று கேட்கலாம். கேட்பது நோயாளியின் உரிமை.

மதுரை காட்டிய வழி

சரியான இடத்தில், சரியான நேரத்தில் ஒரே ஒரு முறை கொடுத்த மருந்து என்ன செய்யும் என்பதற்கு வெளிநாடு போகவேண்டியதில்லை. மதுரைக்குப் போனால் போதும். டாக்டர் வெங்கடசாமி 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளைகளில், கண்புரை அறுவை முடியும் தறுவாயில் கண்ணுக்குள்ளேயே மாக்சிஃபிளாக்சசின் மருந்தை ஒரு சிறு அளவு செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை ஒப்பிட்ட அவர்களது ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. இந்த மருந்து இல்லாதபோது பத்தாயிரம் கண்களில் ஏறத்தாழ ஏழில் கடுமையான உள்கண் தொற்று ஏற்பட்டது. மருந்து செலுத்தியபின் அது இரண்டாகக் குறைந்தது.

கண்ணறை ஒரு சிறு மூடிய அறை. ஆகவே மருந்தை இரத்தத்தின் வழியே அனுப்பாமல் அங்கேயே வைக்க முடிந்தது. வயிற்றுக்கும் தொடைக்கும் இதே முறையைப் பெயர்த்துவைக்க முடியாது. ஆனால் கொள்கை ஒன்றுதான்: கிருமி காலூன்றுவதற்கு முன் மருந்து அங்கே இருக்க வேண்டும். உள்கண் தொற்று என்றால் பார்வையே போகக்கூடும். பத்தாயிரத்தில் ஐந்து என்பது காகிதத்தில் சிறிய எண். அந்த ஐந்து குடும்பங்களுக்கு அதுவே உலகம்.

நூலின் குறைகள்

இனி குறைகளுக்கு வருவோம். முதல் குறை, விலையுயர்ந்தவற்றின்பால் நூல் காட்டும் பரிவு. மயக்கம் கொடுக்கப்பட்ட நோயாளிக்கு 80 விழுக்காடு உயிர்வளி கொடுக்க வேண்டும் என்று 2016-இல் அழுத்தமாகப் பரிந்துரைத்தது. பலர் ஆட்சேபித்தனர், 2018-இல் அந்த அழுத்தம் தளர்த்தப்பட்டது. தவறைத் திருத்திக்கொண்டது பாராட்டத்தக்கதே. டிரைக்ளோசான் பூசிய தையல் நூலையும் நூல் பரிந்துரைத்தது. இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் 5,788 நோயாளிகளிடம் நடத்திய சோதனை 2021-இல் வெளியானபோது, வயிற்று அறுவைகளில் அந்த நூலால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறான கதை கையுறையினுடையது. வயிற்றைத் தைத்து மூடும் முன் அறுவைக் குழுவினர் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, புதுக் கருவிகளை எடுத்துக்கொண்டால் என்ன? போதிய சான்று இல்லை என்று நூல் கையுறை மாற்றுவது பற்றிப் பரிந்துரை எதுவும் செய்யாமல் விட்டுவிட்டது. நூலின் மேல் குற்றமில்லை. அதுவரை யாரும் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கவில்லை! பிறகு அதே ஏழு நாடுகளில் 81 மருத்துவமனைகளில் 13,301 பேரிடம் சோதித்தார்கள். 2022-இல் முடிவு வந்தது: மாற்றாதபோது தொற்று 18.9 விழுக்காடு, மாற்றியபோது 16.0 விழுக்காடு. ஒரு ஜோடி கையுறையும் ஒரு தட்டுக் கருவியும் செய்த காரியம் இது. பூசிய நூலுக்குச் சோதனைகள் நிறைய இருந்தன. வெறும் கையுறைக்கு இல்லாமல் போயின. விற்பனைக்குரிய பொருளை ஆராய ஆளுண்டு. பழக்கத்தை ஆராய ஆளில்லை. நூலாசிரியர்கள் இதைச் சுட்டிக்காட்டியிருக்கலாம்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. இந்த நூல் மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறது. அறுவைக்குப்பின் 30 நாட்களுக்குள் தோன்றும் தொற்றை அறுவைப் புண் தொற்று என்று கணக்கிடுவது உலக வழக்கம். நம் தாய்மார்கள் ஒரு வாரத்தில் வீடு திரும்பிவிடுகிறார்கள். மீதி மூன்று வாரம்? புண் சிவப்பதும் கசிவதும் பெரும்பாலும் அப்போதுதான். கண்காணிப்பு பற்றி நூலில் தனிப்பகுதி உண்டு. வீடு திரும்பியபின் தொடர்வது கடினம் என்பதும் அதில் உண்டு. ஆனால் கடினமான அந்த வேலையை 29 பரிந்துரைகளில் ஒன்றாக ஆக்கவில்லை. அறுவை செய்தவருக்குத் தம் நோயாளிக்குச் சீழ் வைத்தது தெரிவதேயில்லை. மருந்துக்கடைக்காரருக்குத் தெரிகிறது; அவர் கணக்கெடுப்பதில்லை. எங்கள் தெருப் பெண்ணும் எந்தப் புள்ளிவிவரத்திலும் சேர்ந்திருக்க மாட்டார்.

சீழ் வைத்த பிறகு

தடுப்பு தவறிவிட்டால் சிகிச்சை என்ன? இது தடுப்பு நூலாகையால் அதைப் பேசவில்லை. அந்த இடத்தை நிரப்பப் படிக்கவேண்டியது அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டி. அதன்படி முதல் சிகிச்சை மருந்து அன்று. தையலைப் பிரித்துப் புண்ணைத் திறந்து, சீழை வெளியேற்றி, ஆறும்வரை கட்டு மாற்றுவதே முதல் சிகிச்சை. சீழ்க்கட்டிக்குள் இரத்த ஓட்டம் இல்லை. இரத்த ஓட்டம் இல்லாத இடத்துக்கு மாத்திரை எப்படிப் போகும்? “பவர்” எவ்வளவு கூடினாலும் வழி இல்லாத ஊருக்கு வண்டி போகாது.

எதிருயிர் மருந்து எப்போது தேவை? சிவப்பு புண்ணின் விளிம்பிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ மூன்று விரல் அகலம், பரவியிருந்தால். உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்சியசைத் தாண்டினால். நாடி நிமிடத்துக்கு 110-ஐ மீறினால். அப்போது தொற்று புண்ணைக் கடந்து உடலுக்குள் பரவத் தொடங்கிவிட்டது என்று பொருள். அப்போதும் சீழில் சிறிது எடுத்து வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று அறிந்து கொடுப்பதே முறை. 66 நாடுகளில் 12,539 நோயாளிகளைத் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. அதில், கிருமி வளர்த்துப் பார்க்கப்பட்ட தொற்றுகளில் ஐந்துக்கு ஒன்றுக்கும் மேல், நோயாளிக்குத் தடுப்பாகக் கொடுத்த மருந்துக்கே கட்டுப்படாதவையாக இருந்தன. வளர்த்துப் பார்க்காமல் கடையில் மாற்றி மாற்றி வாங்குவது இருட்டில் கல்லெறிவதற்குச் சமம்.

ஆகவே அந்த மாமியாரின் மனக்குறைக்கு விடை இதுதான்: பெரிய மாத்திரை எழுதிக் கொடுக்காத மருத்துவர்தான் சரியான சிகிச்சை செய்தார்.

என்ன செய்யலாம்?

நூலில் விட்டுப்போன பரிந்துரையை நிரப்பும் வசதி நம் கையிலேயே இருக்கிறது. பிரசவத்துக்குப்பின் கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வருகிறார். குழந்தையின் எடையைப் பார்க்கிறார். அதே வருகையில் தாயின் தையலையும் பார்த்து, சிவப்பு, கசிவு, காய்ச்சல் என்ற மூன்றையும் குறித்து, அறுவை செய்த மருத்துவமனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தால் என்ன? புதுக்கோட்டையில் 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இந்தக் கணக்கை வாங்கிவைக்க அங்கே ஒரு பதிவேடு போதும். எந்த மாதத்தில் எத்தனை பேருக்குச் சீழ் வைத்தது என்று தெரிந்தால்தான் எங்கே தவறுகிறோம் என்று தெரியும். தெரியாத தவறைத் திருத்த முடியாது. அதை மாத்திரையால் மூடிவைக்கத்தான் முடியும்.

வாசகர்கள் செய்யக்கூடியதும் உண்டு. வீட்டில் யாருக்கேனும் அறுவை என்றால், முதல்நாள் சவரம் வேண்டாமென்று சொல்லுங்கள். குளித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதை மறைக்காதீர்கள். பார்க்கப் போகும்போது கையைக் கழுவிவிட்டுக் கட்டிலருகே செல்லுங்கள். வீடு திரும்பியபின் தையல் சிவந்தால், கசிந்தால் கால் போகவேண்டிய இடம் மருந்துக்கடை அன்று; அறுவை செய்த மருத்துவமனை.

உலக நல நிறுவனத்தின் நூல் குறையுள்ளதுதான்; ஆனாலும் பயனுள்ளது. அறுவைப் புண்ணைக் காப்பது கத்திக்கு முன் போடும் ஓர் ஊசியும், அறுவை அறையில் கழுவிய கையும் என்பதை அது சான்றோடு நிறுவிவிட்டது. வீடு திரும்பிய பின் உள்ள மூன்று வாரக் கணக்கை எழுதவேண்டிய பொறுப்பு நம்முடையது.